பழைய பாஸ்போட் தொலைந்துவிட்டது, சிற்றிசனுக்குப் போடலாமா?

கனடாவின் ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதத்தின் சுருக்கம் இது:

“கணவரின் ஸ்பொன்சரில் 2021 ஓகஸ்ட் 15ஆம் தேதி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கினேன். அதன்பிறகு இரண்டு தடவை ஊருக்குப் போய் வந்தேன். முதல் தடவை அம்மாவுக்குச் சுகமில்லை என்று 2022 டிசெம்பர் 10 போய், 2023 ஜனவரி 22 திரும்பினேன். இரண்டாவது 2023இல் நல்லூர்த் திருவிழாவுக்கு. தேர் முடிந்து ஒரு கிழமையில் திரும்பிய ஞாபகம், தேதி சரியாகத் தெரியாது. எல்லாமாக ஐந்து கிழமை இருக்கும். பேஸ்மென்றிலிருந்து புது வீட்டுக்கு மாறும்போது பழைய பாஸ்போட் இருந்த பை தொலைந்துவிட்டது. பொலிஸில் சொல்லி, ரொறன்ரோவிலுள்ள இலங்கைத் துணைத்தூதரகம் மூலம் புதிய பாஸ்போட் எடுத்துவிட்டேன். இப்போது சிற்றிசனுக்குப் போட வேண்டும். தெரிந்த ஒருவர், ‘பழையதைப் பற்றி மூச்சே விடாதே, புதியதை மட்டும் எழுது’ என்கிறார். அப்படிச் செய்யலாமா? என் கணவரின் தமையனும் எங்களோடு சேர்ந்து விண்ணப்பிக்க இருக்கிறார். அவர் அகதியாக வந்தவர். 55 வயது ஆகட்டும் என்று காத்திருந்தார், இப்போது ஆகிவிட்டது. ஊருக்குப் போய் வந்த முத்திரைகள் இருப்பதால் தன்னுடைய பழைய பாஸ்போட்டையும் ‘தொலைந்தது’ என்று எழுதப்போகிறாராம். அதில் பிரச்சினை வருமா?”

அன்பின் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு பாஸ்போட்டுகள் இருக்கின்றன. ஒன்று உண்மையாகவே தொலைந்தது, மற்றது தொலையப்போவது. உங்களுடையதை நினைத்து நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தமையனாருடையதை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் கெட்டது. அவர் விசயத்துக்குப் பிறகு வருகிறேன், தயவுசெய்து அதுவரை அவரை எதிலும் கையெழுத்துப் போட விடாதீர்கள்.

பாஸ்போட் தொலைந்தது என்பதற்காக மட்டும் குடியுரிமை விண்ணப்பத்தை யாரும் மறுப்பதில்லை. கனடாவின் குடியுரிமைச் சட்டம் கேட்பது நாட்கணக்கு. விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 5 வருடங்களுக்குள் 1,095 நாட்கள் நீங்கள் இந்த மண்ணில் இருந்திருக்க வேண்டும். 2015இலிருந்து இரண்டு வருடங்களுக்கு மேல் இது 6 வருடத்தில் 1,460 நாட்களாக இருந்தது, 2017 ஒக்டோபரில் மறுபடி இறக்கினார்கள். அந்த நாட்கணக்கை நிரூபிக்கப் பாஸ்போட் ஒரு சாட்சி. உண்மையைச் சொன்னால் அது அவ்வளவு நல்ல சாட்சியும் கிடையாது. கனடாவை விட்டு விமானம் ஏறும்போது முத்திரை குத்த இங்கே ஆளே இல்லை. திரும்பி வரும்போது ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் மெசினில் பி.ஆர். கார்ட்டை, அதாவது நிரந்தர வதிவிட அட்டையைக் காட்டிவிட்டு வெளியே வந்துவிடுகிறீர்கள், பெரும்பாலும் முத்திரை விழுவதில்லை. உங்கள் பழைய பாஸ்போட்டில் பெறுமதியாக இருந்தவை கட்டுநாயக்க விமான நிலையத்தில் குத்திய வருகை, புறப்பாட்டு முத்திரைகள் நான்கும்தான். அந்த நான்கு தேதிகளை வேறு வழியில் எடுத்துவிட்டால் உங்கள் விண்ணப்பத்துக்குக் குறையில்லை.

முதலில் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2021 ஓகஸ்ட் 15 முதல் 2024 ஓகஸ்ட் 14 வரை எண்ணினால் 1,096 நாட்கள், நடுவில் ஒரு லீப் வருடம் வந்ததால் ஒன்று கூட. இதில் வெளிநாட்டில் இருந்த நாட்களைக் கழிக்க வேண்டும். புறப்பட்ட நாளும் திரும்பி இறங்கிய நாளும் கனடாவில் இருந்த நாட்களாகவே எண்ணப்படும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆகவே உங்கள் முதல் பயணத்தில் கழிவது டிசெம்பர் 11 முதல் ஜனவரி 21 வரையான 42 நாட்கள். இரண்டாவது பயணத்தை ஐந்து கிழமை என்றே வைத்துக்கொண்டால் 35. மொத்தம் 77. 2024 ஒக்டோபர் முடியும்போதே நீங்கள் 1,095ஐத் தொட்டுவிட்டீர்கள். இப்போது கையில் தாராளமாக மேலதிக நாட்கள் இருக்கின்றன. தேதி தெரியாத இரண்டாவது பயணத்தில் ஒரு கிழமை கூடினாலும் குறைந்தாலும் தகுதிக்குப் பங்கம் வராது.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், பாஸ்போட் தொலைத்தவர்களுக்கு மேலதிக நாட்கள்தான் முதல் பாதுகாப்பு. 1,097 நாட்களோடு, “மூன்று வருடம் முடிஞ்சுது, இண்டைக்கே அனுப்புங்கோ” என்று வந்து நிற்பவர்கள் இருக்கிறார்கள். கையில் எல்லா முத்திரையும் உள்ளவர்களையே நான் இரண்டு மாதம் பொறுக்கச் சொல்வேன். ஒரு பயணத்தின் தேதி மூன்று நாள் பிசகினாலும் அவர்களுடைய விண்ணப்பம் விழுந்துவிடும், கட்டணத்தின் பெரும்பகுதியும் போய்விடும். உங்களுக்கு அந்தப் பயம் இல்லை.

சரி, தேதி எடுக்கும் வேலை. இரண்டாவது பயணத்தின் தேதி சரியாகத் தெரியாது என்கிறீர்கள். ரிக்கெற் போட்ட ஈமெயில் பெட்டியில் விமான நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடிப் பார்த்தீர்களா? உங்களுடையதில் மட்டுமல்ல, கணவருடையதிலும். நம்மவர்கள் பலர் தெரிந்த ட்ராவல் ஏஜென்சியிடம் போனில் சொல்லிப் போடுவார்கள், ரிக்கெற் வட்ஸ்அப்பில் வரும். அந்த ஏஜென்சியைக் கேட்டால் பழைய பதிவை எடுத்துத் தர முடியும். விமான நிறுவனத்தில் பொயின்ற்ஸ் கணக்கு வைத்திருந்தால் எந்தத் தேதியில் எந்த விமானத்தில் பறந்தீர்கள் என்பது அதில் கிடக்கும். கடன் அட்டை அறிக்கையில் கடைசியாக ஸ்காபரோ நோ ஃப்ரில்ஸில் சாமான் வாங்கிய தேதியையும் யாழ்ப்பாணத்தில் முதலில் அட்டை தேய்த்த தேதியையும் பாருங்கள். வேலையிடத்தில் லீவு எடுத்த பதிவும் உதவும். நல்லூர்த் தேர் எந்தத் தேதியில் வந்தது என்பதை அந்த வருடக் காலண்டரில் பார்த்துக்கொள்ளலாம், கொடியேறி 24ஆம் நாள் தேர். அது உங்கள் ஞாபகத்துக்குப் பிடிமானம், அதிகாரிக்குக் கொடுக்கும் ஆதாரம் அல்ல. அதிகாரிக்கு ரிக்கெற் வேண்டும், அல்லது அடுத்துச் சொல்லப்போகும் காகிதம்.

சி.பி.எஸ்.ஏ. என்கிற கனடா எல்லைச் சேவைகள் முகமையிடம், நீங்கள் நாட்டுக்குள் வந்த ஒவ்வொரு தடவைக்கும் பதிவு இருக்கிறது. பயண வரலாற்று அறிக்கை என்று அதைக் கேட்டு வாங்கலாம். உங்களைப் பற்றிய தகவலை நீங்களே கேட்பதால் கட்டணம் இல்லை. இணையத்தில் விண்ணப்பிக்கலாம். சட்டப்படி 30 நாட்களில் தர வேண்டும், சிலவேளை இழுபடும். ஆகவே குடியுரிமைப் படிவத்தைத் தொடுவதற்கு முன்பே இதற்குப் போட்டுவிடுங்கள். முன்பெல்லாம் வந்த தேதி மட்டும்தான் இருந்தது, போன தேதி இருக்காது. 2019இலிருந்து தரை வழியாகவும் 2020இலிருந்து விமானத்திலும் நாட்டை விட்டு வெளியேறுபவர்களின் விபரமும் சேர்கிறது. உங்கள் இரண்டு பயணங்களும் அதற்குப் பிறகுதான், எனவே போனதும் வந்ததும் இரண்டுமே அகப்பட வேண்டும்.

இங்கே நமக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பெயர். இலங்கைப் பாஸ்போட்டில் அப்பா பெயர் ஒரு பெட்டியில், உங்கள் பெயர் மற்றப் பெட்டியில் இருக்கும். பி.ஆர். கார்ட்டில் நீளம் போதாமல் கடைசி எழுத்துகளை வெட்டியிருப்பார்கள். கலியாணத்துக்குப் பிறகு சிலர் கணவர் பெயருக்கு மாறியிருப்பார்கள். ஒரு இடத்தில் ‘டி’க்குப் பக்கத்தில் ‘எச்’ இருக்கும், மற்ற இடத்தில் இருக்காது. தேடுபவர் ஒரு எழுத்துக்கூட்டலில் மட்டும் தேடினால் உங்கள் பயணங்களில் பாதி காணாமல் போகும். அறிக்கை கேட்கும்போது இதுவரை எந்தெந்த ஆவணத்தில் எப்படி எப்படிப் பெயர் எழுதப்பட்டதோ அத்தனையையும் கொடுங்கள். பழைய, புதிய இரண்டு பாஸ்போட் இலக்கங்களையும் கொடுங்கள். அறிக்கை வந்ததும் அதுதான் வேதவாக்கு என்று நினைக்க வேண்டாம், அதிலும் விடுபடல் வரும். உங்கள் கையில் இருக்கும் ரிக்கெற்றோடு பொருத்திப் பாருங்கள். இரண்டும் முரண்பட்டால் எது சரி, ஏன் என்று இரண்டு வரி எழுதிச் சேர்த்துவிடுங்கள்.

பழைய பாஸ்போட் இலக்கமே தெரியாது என்று நீங்கள் சொல்லக்கூடும். தெரியும், ஆனால் எங்கே பார்ப்பது என்று உங்களுக்குத் தோன்றவில்லை. உங்கள் ஸ்பொன்சர் விண்ணப்பத்தோடு அந்தப் பாஸ்போட்டின் நகல் போயிருக்கும். கணவரின் கம்ப்யூட்டரிலோ, அந்த விண்ணப்பத்தைச் செய்து தந்தவரிடமோ அது இருக்கும். யாரிடமும் இல்லாவிட்டால் குடிவரவு அமைச்சிடமே உங்கள் பழைய கோப்பின் நகலைக் கேட்டு வாங்கலாம். பொலிஸ் ரிப்போர்ட்டிலும், துணைத்தூதரகத்துக்குக் கொடுத்த படிவத்திலும் இலக்கம் இருக்கப் பார்க்கவும். குடியுரிமை விண்ணப்பத்தோடு முதலில் கேட்பது, 5 வருடக் காலத்துக்குள் நீங்கள் வைத்திருந்த ஒவ்வொரு பாஸ்போட்டினதும் படமும் விபரமும் உள்ள பக்கத்தின் கலர் நகல். காலாவதியானதும் இதில் அடங்கும். பாஸ்போட் தொலைந்தாலும் அந்தப் பக்கத்தின் நகல் கிடைத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

இப்போது உங்கள் தெரிந்தவர் சொன்ன யோசனைக்கு வருவோம். புதியதை மட்டும் எழுது, பழையதைப் பற்றி மூச்சு விடாதே. அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் யோசித்துப் பாருங்கள். நீங்கள் 2021இல் வந்து இறங்கினீர்கள், புதிய பாஸ்போட்டோ அதற்கு வெகு காலம் கழித்து ரொறன்ரோ துணைத்தூதரகம் மூலம் எடுத்தது. அப்படியானால் எந்தப் பாஸ்போட்டில் வந்து இறங்கினீர்கள்? உங்களுக்கு விசா ஒட்டிக்கொடுத்ததே அந்தக் குடிவரவு அமைச்சுத்தான். அவர்களிடமிருந்து அவர்களுடைய காகிதத்தையே மறைப்பது, கடைக்காரனிடம் அவன் கொப்பிக் கணக்கை மறைப்பது போல. தொலைந்தது தப்பில்லை. படிவத்தில் கேட்ட கேள்விக்கு மறைத்துப் பதில் எழுதுவது தப்பு. பொய்யாக எழுதியது தெரிந்தால் விண்ணப்பம் மறுக்கப்படுவதோடு 5 வருடத்துக்கு மறுபடி விண்ணப்பிக்கவும் முடியாது. குடியுரிமை கிடைத்த பிறகு தெரியவந்தால் அதையே பறிக்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது. ஒன்றுமில்லாத விசயத்துக்கு இவ்வளவு பெரிய ஆபத்தை எதற்கு விலைக்கு வாங்க வேண்டும்?

ஆகவே பாஸ்போட் விபரம் கேட்கும் இடத்தில் இரண்டையும் எழுதுங்கள். ஒன்று முடிந்து மற்றது தொடங்கும் வரை இடைவெளி இருந்தால், அல்லது ஒன்றின் நகலைத் தர முடியாவிட்டால், காரணத்தை எழுதச் சொல்லிப் படிவமே கேட்கிறது. அதாவது உங்களைப் போன்றவர்களை எதிர்பார்த்துத்தான் படிவத்தைத் தயாரித்திருக்கிறார்கள். அந்த இடம் போதாவிட்டால் தனிக் கடிதம் வையுங்கள். அரைப் பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். நான் எழுதிக் கொடுப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“இன்ன இலக்கப் பாஸ்போட்டை இன்ன தேதி முதல் வைத்திருந்தேன். இன்ன மாதம் வீடு மாறியபோது அது தொலைந்தது. இன்ன தேதியில் பொலிஸில் முறையிட்டேன், முறைப்பாட்டு இலக்கம் இது. இன்ன தேதியில் புதிய பாஸ்போட் பெற்றேன். இடைப்பட்ட காலத்தில் என்னிடம் வேறு பயண ஆவணம் இருக்கவில்லை, நான் கனடாவை விட்டு வெளியேறவும் இல்லை. தொலைந்த பாஸ்போட்டில் இரண்டு பயணங்கள் செய்தேன், அவற்றின் தேதிகளும் ரிக்கெற் நகல்களும் இத்துடன் உள்ளன.”

அவ்வளவுதான். ஆங்கிலத்தில் எழுதுங்கள். தமிழில் எழுதினால் மொழிபெயர்ப்பும் சேர்க்க வேண்டும், அதை வீட்டு ஆட்கள் செய்ய முடியாது. அழுகை, மன்னிப்பு, அம்மாவின் நோய், வீட்டுச் சொந்தக்காரர் அவசரமாக எழும்பச் சொன்ன கதை ஒன்றும் வேண்டாம். சில பேர் இதற்கு நோட்டரியிடம் சத்தியக்கடதாசி முடித்துக்கொண்டு வருவார்கள். கொடுத்தால் பாதகமில்லை, உங்கள் நிலையில் அது கட்டாயம் என்று எனக்குப் படவில்லை. பொலிஸ் ரிப்போர்ட்டின் நகல் அதைவிடப் பெறுமதியானது, ஏனென்றால் அது விண்ணப்பத்துக்காக எழுதப்பட்டதல்ல, தொலைந்த கையோடு எழுதப்பட்டது.

படிவத்தில் இன்னொரு கேள்வி வரும், உங்கள் போக்குவரத்து விபரங்களைச் சி.பி.எஸ்.ஏ.யிடமிருந்து அமைச்சு பெற்றுக்கொள்ளச் சம்மதமா என்று. ஆம் என்று போடுங்கள். பாஸ்போட் கையில் இல்லாதவர் அங்கே ‘இல்லை’ போட்டால் எப்படித் தெரியும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பயண நாட்களை அமைச்சின் இணையக் கணிப்பானில் போடும்போது பஃபலோவுக்குக் காலையில் போய் மாலையில் திரும்பிய பயணம் இருந்தால் அதையும் விடாமல் எழுதுங்கள். கழிவது பூச்சியம் நாள்தான், ஆனாலும் எழுதாமல் விட்டால் அவர்களுடைய பதிவோடு உங்கள் பட்டியல் பொருந்தாது. அமெரிக்கப் பயணம் உள்ள மற்ற வாசகர்களுக்கும் ஒன்று: அமெரிக்க எல்லைத் துறையின் ஐ-94 இணையத்தளத்தில் பாஸ்போட் இலக்கத்தைப் போட்டு உங்கள் பயண வரலாற்றைப் பார்க்கலாம். கட்டணமில்லை.

விண்ணப்பம் போன பிறகு என்ன நடக்கலாம் என்பதையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. பெரும்பாலும் ஒன்றும் நடக்காது, கனடாவைப் பற்றிய அறிவுச் சோதனைக்குக் கூப்பிடுவார்கள், எழுதுவீர்கள். நேர்முகத்துக்குக் கூப்பிட்டால் மூலப் பாஸ்போட்டுகளைக் கொண்டுவரச் சொல்வார்கள். அப்போது புதியதையும், பழையதற்குப் பதிலாகப் பொலிஸ் ரிப்போர்ட்டின் மூலத்தையும் கொண்டு போங்கள். சிலருக்கு மட்டும் வதிவிட வினாக்கொத்து ஒன்று வரும். நீளமான பத்திரம், பதில் கொடுக்கக் கெடுத் தேதி உண்டு. வந்துவிட்டால் பயப்பட வேண்டாம், ஆனால் அப்போது ஓடித் திரிந்து காகிதம் சேர்ப்பது கஷ்டம். இப்போதே ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள்: வருமான வரி மதிப்பீட்டு அறிவித்தல்கள், வேலையிடம் தரும் டி4 என்கிற வருடச் சம்பள விபரப் பத்திரங்கள், வீட்டு வாடகை ஒப்பந்தம், பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதென்றால் அவர்கள் தரும் கடிதம். ஒன்ராறியோவில் சுகாதார அமைச்சிடம் உங்கள் ஓஹிப் (மாகாண மருத்துவக் காப்புறுதி) கோரிக்கை வரலாற்றைக் கேட்கலாம், எந்தத் தேதியில் எந்த வைத்தியரிடம் போனீர்கள் என்பது அதில் வரும். வைத்தியருக்கு முன்னால் இருந்த ஆள் அன்று கனடாவில் இருந்திருக்கிறார், இதைவிட வேறு சாட்சி எதற்கு.

ஒரு எச்சரிக்கை. வேலை விபரமும் பயண விபரமும் ஒன்றோடொன்று மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்போட் தொலைந்ததைப் பற்றி எவ்வளவோ கவலைப்பட்டு வந்த ஒருவருடைய படிவத்தை வாசித்தபோது, ஊரில் நின்ற மூன்று மாதமும் அவர் இங்கே முழுநேர வேலை செய்ததாக எழுதியிருந்தது. பொய் இல்லை, கவனக்குறைவு. ஆனால் அதிகாரி அதைக் கவனக்குறைவு என்று வாசிக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

அப்புறம், வீட்டில் ஒருமுறை கூடத் தேடுங்கள். இரண்டு வருடம் தேடி, சத்தியக்கடதாசியும் முடித்த பிறகு, சாமித்தட்டில் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் பாஸ்போட்டைக் கண்டெடுத்த குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும். விண்ணப்பம் போட்ட பிறகு அப்படிக் கிடைத்தால் ஒளிக்காமல் அமைச்சுக்கு அறிவித்து, நேர்முகத்துக்குக் கையோடு கொண்டு போங்கள். அதில் பயணம் மட்டும் செய்துவிடாதீர்கள், தொலைந்ததாக அறிவித்த பாஸ்போட் செல்லாது.

இனித் தமையனார்.

குடியுரிமை விண்ணப்பத்தில் 18 முதல் 54 வயது வரையுள்ளவர்களுக்குத்தான் மொழித் தகுதியும் அறிவுச் சோதனையும். 55 ஆனால் இரண்டும் இல்லை. அதற்காகவே வருடக்கணக்காகப் பொறுத்திருப்பவர்கள் நம்மவரில் நிறையப் பேர். அவர் காத்திருந்ததில் பிழையில்லை. ஆனால் காத்திருந்த காலத்தில் செய்த பயணங்களில்தான் சிக்கல்.

அகதி என்று ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒருவர், எந்த நாட்டுக்குப் பயந்து வந்தாரோ அந்த நாட்டின் பாஸ்போட்டைத் தானாக விரும்பி எடுத்து, அந்த நாட்டுக்கே போய் வந்தால், “இவருக்கு இனிப் பாதுகாப்புத் தேவையில்லை” என்று அரசாங்கம் அகதிச் சபையிடம் வழக்கு வைக்க முடியும். முன்பும் இந்தச் சட்டம் இருந்தது, ஆனால் பி.ஆர். கிடைத்தவர்களுக்கு அது பெரிதாக உறைக்கவில்லை. 2012 டிசெம்பரில் கொண்டுவந்த மாற்றத்துக்குப் பிறகு, அந்த வழக்கில் தோற்றால் அகதிப் பாதுகாப்போடு பி.ஆரும் சேர்ந்து போகிறது. குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகவும் வழியில்லை, சமஷ்டி நீதிமன்றம் ஒன்றுதான். பி.ஆர். எடுத்து எத்தனை வருடமானாலும் இது பொருந்தும், இத்தனை வருடம் கழிந்தால் விட்டுவிடுவோம் என்று காலவரம்பு எதுவும் சட்டத்தில் இல்லை. அரசாங்கத்துக்கு இது தெரியவரும் சந்தர்ப்பங்களில் முக்கியமானவை இரண்டு, பி.ஆர். கார்ட் புதுப்பிப்பதும் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பதும். வழக்குத் தொடங்கினால் குடியுரிமை விண்ணப்பத்தை அப்படியே நிறுத்திவைக்கவும் சட்டத்தில் இடமுண்டு. நீங்கள் ஸ்பொன்சரில் வந்தவர், இது உங்களைத் தொடாது. அவரைத் தொடும்.

அவர் போட்டிருக்கும் திட்டத்தைப் பாருங்கள். முத்திரை உள்ள பாஸ்போட்டைத் தொலைந்ததாகச் சொன்னால் பயணம் தெரியாது என்று நினைக்கிறார். கட்டுநாயக்க முத்திரை மட்டும்தான் பாஸ்போட்டில் இருக்கிறது. அவர் பியர்சனில் வந்து இறங்கிய பதிவு சி.பி.எஸ்.ஏ.யிடம் இருக்கிறது. விமானத்தில் வரும் பயணிகளின் விபரத்தை விமான நிறுவனங்களே முன்கூட்டிக் கொடுக்கின்றன. பயணம் மறையப்போவதில்லை. அதன் மேல் ஒரு பொய்யும் சேரும், அவ்வளவுதான். இப்போது அவருக்கு இருப்பது வாதாட இடமுள்ள ஒரு பிரச்சினை. ‘தொலைந்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அந்த வாதாட்டத்தில் அவர் சொல்லும் எதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

வாதாட இடமுண்டு என்று சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை. 2022இல் கமாயோ என்கிற வழக்கில் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம், பாஸ்போட்டைப் பாவித்தார் என்ற ஒரே காரணத்தோடு முடிவெடுக்கக்கூடாது, பல விசயங்களைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. இப்படிப் போனால் அந்தஸ்துப் பறிபோகலாம் என்று அவருக்கு உண்மையாகத் தெரிந்திருந்ததா? எதற்காகப் போனார், தாய் தகப்பன் சாகக் கிடந்ததாலா, கலியாணக் கொண்டாட்டத்துக்கா? போன இடத்தில் ஒளித்து இருந்தாரா, ஊரெல்லாம் திரிந்தாரா? அவர் பயந்தது அரசாங்கத்துக்கா, வேறு ஆட்களுக்கா? ஒவ்வொன்றுக்கும் உள்ள பதில் அவருடைய வழக்கை ஒரு பக்கம் சாய்க்கும். இதையெல்லாம் விண்ணப்பம் போடுவதற்கு முன் அகதி வழக்குகளில் பழக்கமுள்ள ஒரு வழக்கறிஞரோடு, பழைய பாஸ்போட்டை மேசையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். அங்கே சொல்வது வெளியே போகாது. எழுத்தில் பதில் சொல்லி முடிக்கும் விசயம் இது இல்லை, அதனால்தான் நானும் இதற்கு மேல் போகவில்லை.

அந்தச் சந்திப்பு முடியும் வரை அவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டியதில்லை. பி.ஆராக இருப்பவர் சிற்றிசன் ஆகியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. முக்கியமாக, இன்னொரு தடவை இலங்கைப் பாஸ்போட்டில் ஊருக்குப் போக வேண்டாம், அதைப் புதுப்பிக்கவும் வேண்டாம். வேறு நாட்டுக்குப் போக வேண்டுமென்றால், அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்குக் கனடா தரும் பயணப் பத்திரம் இருக்கிறது. சொந்த நாட்டுக்கு மட்டும் அது செல்லாது. சிற்றிசன் ஆன பிறகு கனடாப் பாஸ்போட்டில் போனால் இந்தச் சட்டம் அவரைத் தொட முடியாது. முதலில் சிற்றிசன், பிறகு ஊர் என்ற வரிசையில் போயிருந்தால் அவர் இன்றைக்கு இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே தேவையில்லை. இதே நிலையில் இருந்து, இன்னும் ஊருக்குப் போகாமல் இந்தப் பக்கத்தை வாசிக்கிற யாரேனும் இருந்தால், ரிக்கெற் போடுவதற்கு முன் இந்தப் பந்தியைத் திரும்ப ஒருமுறை வாசியுங்கள்.

குடும்பமாகச் சேர்த்து ஒரே உறையில் அனுப்பலாம் என்றுதான் அவரும் உங்களோடு வருகிறார் போலிருக்கிறது. நீங்கள் அவருக்காகக் காத்திருக்க வேண்டாம். சி.பி.எஸ்.ஏ. அறிக்கைக்கு இந்தக் கிழமையே போடுங்கள். அது வந்ததும் தேர்த் திருவிழாப் பயணத்தின் தேதியை நிரப்பி, உங்கள் விண்ணப்பத்தைத் தனியாக அனுப்பிவிடுங்கள்.